பள்ளத்தாக்கில் ஏன் வீடுகள் இல்லை?

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என் மகள் எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தாள். அகலமான ரயர் போட்ட சைக்கிள். தார் வீதியிலும் ஓடும், கிறவல் பாதையிலும் ஓடும். தரும்போதே ஒரு நிபந்தனையும் போட்டாள். "அப்பா, றோட்டில மட்டும் ஓடக் கூடாது. கார்க்காரர் பார்க்க மாட்டினம்" என்றாள். ஊரில் றலி சைக்கிளில் ஒருவரை முன்னுக்கும் ஒருவரை பின்னுக்கும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வரை போய் வந்தவன் நான். எனக்கே இந்த நிபந்தனை. என்ன செய்வது, பிள்ளைகள் சொன்னால் கேட்க வேண்டிய வயது வந்துவிட்டது.

வாகனம் இல்லாத பாதை எங்கே இருக்கிறது என்று தேடியபோதுதான், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு மோர்னிங்சைட் பூங்காவைத் தெரியாமல் இராது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலுக்கு எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன். கொத்துரொட்டி சாப்பிட்டு, கயிறிழுத்து, வாகனத் தரிப்பிடத்திலேயே நின்று அரசியல் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறோம். அந்தத் தரிப்பிடத்துக்கு அப்பால் ஒரு பாதை தொடங்குகிறது என்பதை முப்பது வருடங்களாக நான் கவனிக்கவில்லை.

அந்தப் பாதை ஹைலண்ட் கிறீக் என்ற சிற்றாற்றின் கரையோடு போகிறது. கிங்ஸ்ரன் வீதி தலைக்கு மேலே பாலத்தில் போகிறது. அதற்குக் கீழே நாங்கள் போகிறோம். லொறிகளின் இரைச்சல் மேலே எங்கோ கேட்கும். கீழே தண்ணீர்ச் சத்தம். கடைசியில் ரெயில் பாலத்துக்கு அடியால் வெளியே வந்தால் ஒன்ராறியோ ஏரி. ஏரிக் கரையோடு கிழக்கே ஓடினால் ரூஜ் ஆற்றின் வாய் வரும். ரொறன்ரோ நகரத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பெரிய சதுப்பு நிலம் அங்கேதான் இருக்கிறது. நாணலும் கொக்கும் தாமரையிலை போன்ற இலைகளும் மிதக்கும் அந்த இடத்தைப் பார்த்தால், பதினைந்து நிமிடத் தூரத்தில் நெடுஞ்சாலை இருக்கிறது என்று சொல்ல மாட்டீர்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் செப்ரெம்பர் மாத முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாட்களில் பெரிய சமன் மீன்கள் ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிட வரும். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற பேரன் திடீரென்று கேட்டான்: "அம்மப்பா, இங்க ஏன் ஒரு வீடும் இல்லை?"

நல்ல கேள்வி. ரொறன்ரோவில் ஒரு துண்டுக் காணி என்ன விலை போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மேட்டில் வீடுகள் நெருக்கியடித்துக் கொண்டு நிற்கின்றன. ஆற்றோரம் மட்டும் மைல் கணக்கில் வெறுமையாகக் கிடக்கிறது. அழகான, தட்டையான, தண்ணீர் உள்ள நிலம். யாராவது குடியிருந்திருக்கத்தானே வேண்டும்? அவனுக்கு அன்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் நிலத்தைக் கண்டால் ஒரு சந்தேகம் வரும். என்னுடைய ஊர் வலிகாமம் வடக்கில். நான் 1989இல் இங்கே வந்தேன். அடுத்த வருடம் அம்மாவும் அப்பாவும் ஊரைவிட்டு எழும்பினார்கள். அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயமானது. பல வருடங்களின் பின் எங்கள் பக்கக் காணிகளை விட்டபோது போய்ப் பார்த்தேன். கிணற்றுக் கட்டும் வீட்டு அத்திவாரத்தின் ஒரு மூலையும் இருந்தன. தெரியாத ஒருவர் பார்த்தால் 'நல்ல இயற்கையான இடம்' என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவே ஆளில்லாத நிலத்தைக் கண்டால் "இங்கே யார் இருந்தவை, ஏன் போனவை" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நூலகத்துக்குப் போனேன். அங்கே அறிந்ததைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் இந்தப் பள்ளத்தாக்குகளைப் பற்றி. மேற்கிலிருந்து கிழக்காக எண்ணினால் எற்றோபிக்கோ கிறீக், மிமிக்கோ கிறீக், ஹம்பர் ஆறு, டொன் ஆறு, ஹைலண்ட் கிறீக், ரூஜ் ஆறு என்று ஆறு ஆறுகள் ரொறன்ரோவைக் கடந்து ஏரியில் விழுகின்றன. பனிக்காலம் முடிந்து பனிப்பாறைகள் உருகிய பின்னர், அவை விட்டுச் சென்ற மணலையும் களிமண்ணையும் வெட்டிக்கொண்டு ஆறுகள் ஆழமாக இறங்கின. அதனால்தான் நகரம் மேட்டிலும் ஆறுகள் பள்ளத்திலும் இருக்கின்றன.

இந்தப் பள்ளத்தாக்குகளில் முதலில் பாதை போட்டவர்கள் பூர்வகுடி மக்கள். ஹம்பர் ஆற்றோரமாக வடக்கே சிம்கோ ஏரிப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. தோணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் வழி. இதன் கிழக்குக் கிளை எங்கள் ரூஜ் ஆற்றோரமாகப் போனது. 1670களில் ஹம்பர் கரையில் தெயாயாகன் என்றும் ரூஜ் வாயருகே கனற்செக்வாயாகன் என்றும் செனெக்கா மக்களின் இரண்டு ஊர்கள் இருந்தன. பின்னர் மிசிசாகா மக்கள் இந்தக் கரைகளில் வாழ்ந்தார்கள். 1787இலும் 1805இலும் பிரித்தானியர் அவர்களிடம் இந்த நிலத்தை வாங்கியதாக எழுதிக்கொண்டார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல் நேர்மையாக நடக்கவில்லை என்ற வழக்கு 2010இல்தான் தீர்ந்தது. கனடா அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்தது. ஆகவே பேரனின் கேள்விக்கான முதல் பதில்: இங்கே ஊர்களே இருந்தன.

இரண்டாவது பதில் எங்கள் காலத்துக்குக் கிட்டியது. அதற்கு ஒரு பெயரும் ஒரு திகதியும் உண்டு. ஹேசல் சூறாவளி, 1954 ஒக்ரோபர் 15.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ரொறன்ரோவில் வீட்டுத் தட்டுப்பாடு. போரிலிருந்து திரும்பியவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வீடு தேவைப்பட்டது. மேட்டுக் காணி விலை கூட. ஆற்றோரப் பள்ளக் காணி மலிவு. கோடையில் வந்து தங்குவதற்காகக் கட்டிய சிறு மரக் குடில்களைக் குளிருக்கு ஏற்றபடி மாற்றி, குடும்பங்கள் வருடம் முழுவதும் அவற்றில் இருந்தன. எற்றோபிக்கோ கிறீக் ஏரியில் விழும் லோங் பிராஞ்ச் பகுதியில் இப்படித்தான். ஹம்பர் ஆற்றோரமும் இப்படித்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் எந்த வீடு மலிவு என்று பார்த்து எந்தெந்த நிலக்கீழ் அறைகளில் இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தால், அவர்களின் கணக்கு எங்களுக்கு விளங்கும்.

ஆறுகளின் கரையைப் பசுமை நிலமாக விட வேண்டும் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. 1943இல் ரொறன்ரோவுக்குப் போட்ட பெருந்திட்டத்திலேயே டொன், ஹம்பர் பள்ளத்தாக்குகளைப் பாதுகாக்கும்படி எழுதப்பட்டிருந்தது. 1946இல் ஒன்ராறியோ அரசு ஆறுகளையும் மண்ணையும் பாதுகாக்க அதிகாரசபைகள் அமைக்கச் சட்டமும் கொண்டுவந்தது. ஆனால் காணிகளை வாங்கப் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. வெள்ளம் எப்போதாவது வரும், போகும் என்று இருந்துவிட்டார்கள்.

ஹேசல் ஒக்ரோபர் முற்பகுதியில் கரிபியன் கடலில் உருவானது. ஹெயிற்றியில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 15ஆம் திகதி காலை அமெரிக்காவின் கரோலைனாக் கரையில் ஏறியது. அங்கிருந்து ரொறன்ரோ ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். இவ்வளவு தூரம் தரையில் வந்தால் புயல் செத்துப்போகும் என்பதுதான் எல்லோருடைய எண்ணம். ஆனால் வழியில் குளிர்காற்று ஒன்றோடு சேர்ந்து அது மறுபடி பலம் பெற்றது. வானிலை அலுவலகம் மழையையும் காற்றையும் பற்றி எச்சரித்தது. ஆனால் ரொறன்ரோ மக்களுக்குச் சூறாவளி என்ற சொல் அனுபவத்தில் இல்லாத சொல். வெள்ளிக்கிழமை மாலை, பலர் வழக்கம்போல வேலையால் வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள்.

அதற்கு முந்திய நாட்களில் பெய்த மழையில் நிலம் ஏற்கெனவே ஊறியிருந்தது. இனி ஒரு துளியைக்கூட உறிஞ்ச இடமில்லை. 48 மணி நேரத்தில் சில இடங்களில் 285 மில்லிமீற்றர் வரை மழை கொட்டியது. முழுவதும் ஆறுகளுக்குள் ஓடியது. ஹம்பர் ஆறு சில இடங்களில் 6 மீற்றருக்கும் மேலே உயர்ந்தது. இரண்டு மாடி வீட்டு உயரம்.

வெஸ்ரன் பகுதிக்கு அருகே, ஆற்றின் மேற்குக் கரையில் றேமோர் டிறைவ் என்று ஒரு தெரு. அதன் பக்கத்தில் ஆற்றைக் கடக்க ஒரு தொங்கு நடைபாலம். நள்ளிரவுக் கிட்ட அந்தப் பாலம் ஒரு பக்கக் கட்டிலிருந்து பிய்ந்து ஆற்றுக்குள் சரிந்து, ஓடிவந்த தண்ணீரைத் தெருவின் பக்கம் திருப்பிவிட்டது. 14 வீடுகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன. அந்த ஒரு தெருவில் மட்டும் இறந்தவர்கள் 35 பேர். அதே இரவில் ஹம்பர் ஆற்றில், வெள்ளத்தில் அகப்பட்டவர்களைக் காப்பாற்றப் போன தொண்டர் தீயணைப்புப் படையினர் ஐந்து பேரும் மாண்டார்கள். லோங் பிராஞ்சில் குடில்களோடு ஏழு பேர் ஏரிக்குப் போனார்கள். கனடாவில் ஹேசலுக்கு இறந்தவர்கள் மொத்தம் 81 பேர். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். எங்கள் ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளும் போயின. நானும் பேரனும் சமன் மீன் பார்த்த அதே பள்ளத்தாக்கு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். வழக்கமாக வெள்ளம் வடிந்ததும் என்ன நடக்கும்? நிவாரணம் கொடுப்பார்கள். சேற்றைக் கழுவி அதே இடத்தில் மறுபடி வீடு கட்டுவார்கள். பத்து வருடத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ரொறன்ரோவில் அப்படி நடக்கவில்லை. அழிந்த தெருக்களில் திரும்பக் கட்ட விடவில்லை. 1957இல் நகரத்தின் ஆற்றுச் சபைகளை ஒன்றாக்கி ஒரே அதிகாரசபை அமைத்தார்கள். 1959இல் அது வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அணைகள் கட்டுவது ஒரு பகுதி. கிளேர்வில் அணை 1964இலும் ஜி. ரோஸ் லோர்ட் அணை 1973இலும் முடிந்தன. மற்றப் பகுதி, வெள்ளம் பாயும் தாழ்நிலங்களை வாங்கிப் பொதுநிலமாக்குவது. விற்க விரும்பியவர்களிடம் வாங்கினார்கள். விரும்பாதவர்களிடம் சட்டப்படி நட்டஈடு கொடுத்து எடுத்தார்கள். றேமோர் டிறைவ் றேமோர் பூங்காவானது. லோங் பிராஞ்சில் குடில்கள் இருந்த இடமும் பூங்காவானது. ஹேசல் அளவு மழை இன்று பெய்தால் தண்ணீர் எங்கே வரை வரும் என்று கணக்கிட்டு ஒரு கோடு கீறினார்கள். இன்றைக்கும் இந்தப் பகுதியில் ஆற்றோரம் ஒரு கட்டடம் கட்டலாமா இல்லையா என்பதை அந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது.

சைக்கிள் பாதை இதில் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். யாரும் சைக்கிளுக்காக இந்த நிலத்தை ஒதுக்கவில்லை. தண்ணீர் போவதற்காக ஒதுக்கினார்கள். வீடு கட்ட முடியாத நிலத்தில் புல் வளர்ந்தது, மரம் வளர்ந்தது, ஆட்கள் நடந்தார்கள், பிறகு பாதை போட்டார்கள். ஆகவே நாங்கள் ஓடுவது ஆற்றின் மாரிக்காலப் படுக்கையில். மற்ற நாட்களில் எங்களுக்கு இரவல்.

எல்லாம் நல்லபடியே நடந்தது என்று சொல்ல மாட்டேன். டொன் பள்ளத்தாக்கில் நடந்ததைப் பாருங்கள். 1961 முதல் 1966 வரை கட்டம் கட்டமாக டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையை ஆற்றோரமாகவே போட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றப் பாடுபட்ட சார்ள்ஸ் சோரியோல் என்பவரின் கோடைக் குடில் நிலமும் நெடுஞ்சாலைக்குப் போனது. அவர் மனம் விட்டுவிடவில்லை. 1995இல் இறக்கும் வரை பாதுகாப்புப் பணியிலேயே இருந்தார். ஆறு தன் வழியை மறப்பதில்லை என்பதற்கு அந்த நெடுஞ்சாலையே சாட்சி. 2013 ஜூலை 8ஆம் திகதி பெய்த மழையில் டொன் பெருகி, பயணிகளோடு ஒரு ரெயில் வெள்ளத்தில் நின்றது. 2024 ஜூலை 16ஆம் திகதி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போனது.

டொன் ஆற்றின் வாயிலும் ஒரு கதை உண்டு. அங்கே ஐந்து சதுர கிலோமீற்றர் அளவில் ஒரு பெரிய சதுப்பு நிலம் இருந்தது. 1912இன் பின் அதை நிரப்பித் தொழிற்சாலை நிலமாக்கினார்கள். ஆற்றை நேர்கோணத்தில் திருப்பி ஏரிக்கு விட்டார்கள். நூறு வருடங்களுக்குப் பிறகு, வெள்ளத்துக்குப் பயந்து, பெரும் பணம் செலவழித்துப் புதிதாக ஓர் ஆற்று வாயை வெட்டி, கரையில் சதுப்பு நிலத்தையும் திரும்ப உண்டாக்கியிருக்கிறார்கள். 2024இல் புதிய வாயில் தண்ணீர் விட்டார்கள். 2025 ஜூலையில் அங்கே பூங்கா திறந்தார்கள். நிரப்பவும் காசு, தோண்டவும் காசு.

டொன் பக்கம் போக விரும்புபவர்களுக்கு நான் ஓடிப் பார்த்த ஒரு வழி சொல்கிறேன். 1890களில் ஓடி நட்டப்பட்டுப்போன பெல்ற்லைன் ரெயில் பாதையின் தடத்தில் இப்போது கிறவல் பாதை இருக்கிறது. அதன் ஒரு பகுதி மூர் பார்க் பள்ளத்துக்குள் இறங்கி பிறிக் வேர்க்ஸ் என்ற பழைய செங்கல் தொழிற்சாலைக்குப் போகிறது. பழைய ரொறன்ரோக் கட்டடங்கள் பலவற்றுக்குச் செங்கல் கொடுத்த இடம். மண் தோண்டிய பெருங்கிடங்கில் இன்று குளங்களும் ஆமைகளும். ஒரு வாகனமும் குறுக்கே வராது.

இந்தச் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு 2004 சுனாமிதான் நினைவுக்கு வந்தது. அதன்பின் இலங்கை அரசு கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டக் கூடாது என்று அறிவித்தது. கடலை நம்பி வாழும் மீனவரை எங்கே போகச் சொல்கிறீர்கள், எங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு என்ற கேள்விகள் எழுந்தன. பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். சட்டம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: இங்கே குடியிருக்காதே. ஆனால் காரணத்தை விளக்கி, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்து, விலை கொடுத்து எடுத்த நிலம் பூங்காவாகிறது. அப்படி இல்லாமல் எடுத்தால், என் அப்பாவின் வளவைப்போல, உரியவனுக்கு ஆறாத புண்ணாகிறது. றேமோர் டிறைவ்காரருக்கும் துக்கம் இருந்திருக்கும். ஆனால் அவர்களின் நிலத்தில் இன்று யாரும் வேலி போட்டு இருக்கவில்லை. எல்லோருடைய பிள்ளைகளும் ஓடுகிறார்கள். என்னுடைய பேரனும்.

சென்ற ஒக்ரோபரில் அவனைக் கூட்டிக்கொண்டு றேமோர் பூங்காவுக்குப் போனேன். ஆறு அன்று முழங்கால் அளவுதான். பழைய நடைபாலத்தின் கொங்கிறீற்றுக் கட்டு ஆற்றோரம் இன்னும் கிடக்கிறது. பக்கத்தில் நடந்ததை எழுதிய பலகை. அவன் எழுத்துக் கூட்டாமல் விரைவாக வாசித்து முடித்துவிட்டு, "அம்மப்பா, அந்தப் பிள்ளையளின்ர சைக்கிளும் போயிருக்குமோ?" என்று கேட்டான். "போயிருக்கும் ராசா" என்றேன். ஊரில் நாங்கள் விட்டுவந்த றலி சைக்கிளைப் பற்றியும் அன்றுதான் அவனுக்குச் சொன்னேன். வீடு வரும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான்.

முடிக்க முன்னர் மூன்று விடயங்கள். ஒன்று, பெருமழை நாட்களிலும் அதற்கு அடுத்த நாளும் பள்ளத்தாக்குப் பாதைக்கு இறங்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் மழை விட்டிருக்கலாம். வடக்கே பெய்தது இனித்தான் வந்து சேரும். 2005 ஓகஸ்ட் 19ஆம் திகதி பெய்த மழையில் பின்ச் அவெனியூவே பிளாக் கிறீக்குக்குள் இடிந்து விழுந்தது. இரண்டு, வீடு வாங்குபவர்கள், நிலக்கீழ் அறை வாடகைக்கு எடுப்பவர்கள், அந்த இடம் வெள்ளக் கோட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ரொறன்ரோப் பகுதி பாதுகாப்பு அதிகாரசபை அதற்கான வரைபடத்தை எல்லோரும் பார்க்கக்கூடியதாக வைத்திருக்கிறது. மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கலாம். மூன்று, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். தெரியாவிட்டால் தேடிப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த ஒன்றுகூடலில் தரிப்பிடத்துக்கு அப்பால் ஒருக்கால் நடந்து பாருங்கள்.